கார் கேம்பிங்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

காரில் போய், காருக்குப் பக்கத்திலேயே டென்ட் அடித்து, ஓரிரு இரவு தங்கிவிட்டு வரும் எளிய பயணங்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். புதிதாகக் கிளம்புபவர்களுக்கான கேள்விகள் முதலில் வரும், போகப்போகச் சிக்கலானவை வரும்.

நன்றாகத் தூங்கி, நனையாமல் எழுந்தால் பயணம் இனிக்கும். மற்ற சாமான்கள் எல்லாம் அதற்கு அப்புறம்தான். என் பதில்கள் அத்தனையும் இந்த எண்ணத்திலிருந்து வருபவை.

கார் கேம்பிங்னா காருக்குள்ளேயே படுத்துத் தூங்குறதா?

இரண்டு விதமும் உண்டு. பெரும்பாலானோர் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் டென்ட் அடித்துத் தூங்குவார்கள். சிலர் பின் சீட்டை மடக்கிவிட்டு உள்ளேயே படுப்பார்கள். எப்படியானாலும் சாமான்களை முதுகில் சுமக்க வேண்டியதில்லை. அதனால் மலையேறுபவர்களுக்காகச் செய்த, எடை குறைந்த, விலை கூடிய பொருட்கள் நமக்குத் தேவையே இல்லை. வீட்டுத் தலையணையை அப்படியே தூக்கிப் போட்டுக்கொள்ளலாம். கனமான இரும்புச் சட்டியையும் எடுத்துப் போகலாம்.

முதல் தடவை போறோம். என்னென்ன வாங்கணும்?

முடிந்தவரை எதையும் வாங்காதீர்கள். டென்ட்டையும், அடியில் விரித்துப் படுக்கும் மேட்டையும் இரவல் கேளுங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். ஒரு இரவு வெளியே படுத்து எழுந்தால்தான் உங்களுக்குக் குளிர் தாங்குமா, சத்தம் தாங்குமா, குனிந்து நுழையும் டென்ட் சரிப்படுமா என்பதெல்லாம் தெரியவரும். போர்வை, தலையணை, மூடியுள்ள ஒரு பாத்திரம், கத்தி, தட்டு, டம்ளர், துண்டு, லைட்டர், குப்பைப் பை எல்லாம் வீட்டிலேயே இருக்கும்.

காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் என் வரிசை இது: முதலில் உடம்புக்கு அடியில் விரிக்கும் மேட், அடுத்து ஆளுக்கொரு நெற்றி விளக்கு, அடுத்து குழாய் வைத்த பெரிய தண்ணீர் கேன். டென்ட் நான்காவதுதான். மடக்கு நாற்காலியை ஆடம்பரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் முழுக்கத் தரையிலேயே உட்கார்ந்திருந்தால் முதுகு கெஞ்ச ஆரம்பித்துவிடும்.

இரவல் டென்ட்டோ புது டென்ட்டோ, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வீட்டருகே விரித்து நிறுத்திப் பாருங்கள். கம்பிகள் எல்லாம் இருக்கின்றனவா, டென்ட்டைத் தரையோடு பிடித்துவைக்கும் முளைகள் போதுமா, ஜிப் ஓடுகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக் இருக்கே, அப்புறம் மேட் எதுக்கு?

எல்லாரும் கேட்கும் கேள்வி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வியும் இதுதான். ஸ்லீப்பிங் பேக்கோ கம்பளியோ தானாகச் சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. நீங்கள் மேலே படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறிவிடும். அந்தப் பக்கம் பஞ்சு இருந்தும் இல்லாத மாதிரிதான். தரையோ இரவு முழுக்க உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் எழுந்து மேலே இன்னொரு போர்வையை இழுத்துப் போர்த்தியும் குளிர் போகவில்லை என்றால், குளிர் கீழேயிருந்து வருகிறது என்று அர்த்தம். அந்தப் போர்வையை எடுத்து அடியில் விரியுங்கள், வித்தியாசம் சீக்கிரமே தெரியும்.

மேட்டின் குளிர் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். வெதுவெதுப்பான இரவுக்கு 1 முதல் 2 வரை போதும். கொஞ்சம் குளிரும் என்றால் 3 அல்லது 4 வேண்டும். உறைபனிக்கு 5-க்கு மேல். இதில் ஒரு வசதி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மேட் விரித்தால் இரண்டு எண்களையும் கூட்டிக்கொள்ளலாம். சாதாரண ஃபோம் மேட் கிட்டத்தட்ட 2 தரும், ஓட்டை விழுந்தாலும் பாதகமில்லை.

தடிமனான காற்று மெத்தையைப் பார்த்ததும் இதைவிடச் சுகம் ஏது என்று தோன்றும். உள்ளே குளிர் தடுப்பு ஏதும் இல்லாத வெறும் காற்று மெத்தையில், அந்தக் காற்று சுழன்று சுழன்று உங்கள் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். குளிர்காலத்தில் அதன்மேல் ஒரு ஃபோம் மேட்டோ மடித்த கம்பளியோ கட்டாயம் போடுங்கள். மாலையில் ஊதிய மெத்தை இரவில் கொஞ்சம் தளர்ந்துபோனால் ஓட்டை என்று பதற வேண்டாம். காற்று குளிர்ந்து சுருங்கியிருக்கும். படுக்கும் முன் இன்னும் நாலு ஊது ஊதினால் போதும்.

ஸ்லீப்பிங் பேக்ல போட்டிருக்கிற டிகிரியை நம்பலாமா?

எந்த டிகிரி என்று பார்த்து நம்புங்கள். ஐஎஸ்ஓ 23537 என்ற தர அளவுப்படி சோதித்த பேக்குகளில் சுக அளவு, தாங்கும் எல்லை, அபாய எல்லை என்று மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும். சுக அளவுதான் நாம் பார்க்க வேண்டியது. தாங்கும் எல்லை என்பது உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ இரவைக் கழிப்பதற்கான எண். அபாய எல்லையை வாங்கும்போது கணக்கிலேயே எடுக்காதீர்கள், அது உயிர் தப்புவதைப் பற்றியது. உறையில் பெரிதாக அச்சிட்ட ஒரே ஒரு எண்தான் இருக்கிறது என்றால், அதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதலாக வைத்துக் கணக்குப் போடுவேன்.

போகும் இடம் உயரமா என்பதையும் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அடிவாரத்து வானிலையைப் பார்த்துவிட்டு மலைமேல் போய் நடுங்குபவர்கள் நிறையப் பேர்.

நாங்க நாலு பேர். நாலு பேர் டென்ட் சரியா இருக்கும்ல?

நாலு பேர் என்று போட்டிருந்தால் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். பை வைக்கவும் புரண்டு படுக்கவும் இடம் இருக்காது. ஆள் எண்ணிக்கையோடு ஒன்றோ இரண்டோ கூட்டி வாங்குங்கள். காரில் கொண்டுபோவதால் எடை ஒரு பொருட்டே இல்லை.

அதற்காக மிகப் பெரிய டென்ட்டுக்கும் போக வேண்டாம். பெரிதாக ஆக, காற்றில் அடிவாங்கும், சமமான இடம் கிடைப்பது கஷ்டம், குளிர் நாளில் உள்ளே சூடு நிற்காது. ஆறு பேர் என்றால் மூன்று மூன்றாக இரண்டு டென்ட் என்பது என் விருப்பம். குறட்டைப் பிரச்சினையும் அதோடு தீரும்.

டென்ட்டை எந்த இடத்துல அடிக்கிறது நல்லது?

சூரியன் மறைய இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது போய்ச் சேருங்கள். இருட்டில் இடம் தேடினால் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் தெரியும். சுற்றிலும் இருப்பதைவிடக் கொஞ்சம் மேடான, சமமான தரை வேண்டும். பள்ளத்தில் மழைநீர் மட்டுமல்ல, குளிர்ந்த காற்றும் இறங்கி வந்து தேங்கும். காய்ந்துகிடக்கும் ஓடையின் மணல் படுக்கை மெத்தென்று இருக்கும், ஆனால் அங்கே படுக்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே வெள்ளமாக வந்துவிடும்.

அப்புறம் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கினால் அந்த மரத்தடி வேண்டாம். தரை சமமா என்று கண் சொல்வதை நம்பாமல், டென்ட்டை விரித்ததும் முளை அடிப்பதற்கு முன் உள்ளே போய்ப் படுத்துப் பாருங்கள். உருண்டையான தண்ணீர் பாட்டிலைத் தரையில் கிடத்தினால் சரிவு எந்தப் பக்கம் என்று அது உருண்டு காட்டும். சரிவைத் தவிர்க்க முடியாவிட்டால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும்.

முளை அடிச்சா நிக்கவே மாட்டேங்குது, காத்துல பிடுங்கிட்டு வருது. என்ன பண்ண?

பெரும்பாலும் கோணம்தான் காரணம். முளையின் தலை டென்ட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தும், நுனி டென்ட்டை நோக்கியும் மண்ணுக்குள் இறங்க வேண்டும். கயிறும் முளையும் சேருமிடத்தில் கிட்டத்தட்டச் செங்கோணம் வந்தால் சரி. தலை டென்ட் பக்கமாகச் சாய்ந்திருந்தால், காற்று இழுக்கும்போது கயிறு வழுக்கி மேலே வந்துவிடும். முளையைத் தலை வரைக்கும் இறக்குங்கள், பாதியில் நிறுத்தினால் அது நெம்புகோலாகி மண்ணைக் கிளறிவிடும்.

மணலில் எந்தக் கோணமும் உதவாது. ஒரு பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள். தடித்த குச்சியைப் படுக்கவைத்துப் புதைத்தாலும் சரி. பாறைத் தரையில் பெரிய கல்லைச் சுற்றிக் கட்டலாம். டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் முதல் காற்றிலேயே வளைந்துவிடும், கனமான முளைகள் பத்து வாங்கிவைத்தால் டென்ட் மாறினாலும் அவை உழைக்கும்.

வாட்டர்ப்ரூஃப் டென்ட்னு சொன்னாங்க. மழையே இல்ல, காலைல உள்ளே ஈரமா இருக்கே?

உங்கள் மூச்சுதான் அது. தூங்கும் ஒவ்வொருவரும் இரவு முழுக்க ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் மூச்சாலும் தோலாலும் நீராவியாக வெளியே விடுகிறோம். அது வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த துணியில் பட்டுத் துளிகளாகப் படியும். விடியற்காலையில் விளக்கைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கூரையின் உட்புறம் முழுக்கப் பொடிப்பொடியாகத் துளிகள் ஒட்டியிருக்கும். யாராவது தோளால் இடித்தால் எல்லாம் ஒன்று சேர்ந்து கோடாக வழிந்து, தரையோரத்தில் போர்வை நுனியை நனைக்கும். டென்ட் ஒழுகுகிறது என்று பலர் நினைப்பது இதைத்தான்.

குளிராக இருந்தாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு காற்றுவழிகளைத் திறந்துவையுங்கள். மழைக்காக டென்ட்டுக்கு மேலே போர்த்தும் விரிப்பை உள் டென்ட்டில் ஒட்டாதபடி இழுத்துக் கட்டுங்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள். ஏரி, ஓடைக்கு ஒட்டி அடிக்கும் டென்ட்டில் இந்தத் தொல்லை அதிகம்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். டென்ட்டுக்கு அடியில் போட்ட தார்ப்பாய் நான்கு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைத்தண்ணீரை அதுவே வாங்கி உங்களுக்கு அடியில் கொண்டுவந்து சேர்க்கும். டென்ட் தரையைவிட எல்லாப் பக்கமும் ஒரு கை அகலம் உள்ளடங்கியிருக்கும்படி மடித்துவிடுங்கள்.

இடி மின்னல் வந்தா டென்ட்டுக்குள்ளேயே இருக்கலாமா?

கூடாது. மின்னலிலிருந்து டென்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. எல்லாரும் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உள்ளே இரும்புப் பாகங்களில் கை வைக்காமல் உட்காருங்கள். ரப்பர் டயர் காப்பாற்றும் என்று பலர் சொல்வது தவறு. மின்சாரம் காரின் உலோகக் கூட்டின் வெளிப்புறமாகவே ஓடித் தரையில் இறங்கிவிடுவதுதான் காரணம். அதனால் துணிக்கூரை வண்டிக்கு இது பொருந்தாது. கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் ஆனபிறகு வெளியே வாருங்கள். தனித்து நிற்கும் உயரமான மரத்தடியில் டென்ட்டும் வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம்.

டென்ட்டே வேண்டாம், கார்லயே படுத்துக்கிறோம். என்ன பார்க்கணும்?

காலை முழுதாக நீட்ட முடிகிறதா என்று கிளம்பும் முன்பே படுத்துப் பாருங்கள். மடக்கிய சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே பள்ளம் இருக்கும், மடித்த கம்பளியால் அதை நிரப்பி, மேலே மேட் விரியுங்கள். மேட் விஷயத்தில் மேலே சொன்னது காருக்கும் பொருந்தும், வண்டியின் அடிப்பாகம் தரையைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும்.

எதிரெதிர்ப் பக்கத்துக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கிவையுங்கள். கொசுவலைத் துணியைக் கதவின் மேல் உறைபோல மாட்டிவிட்டால் இன்னும் தாராளமாக இறக்கலாம். இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

ரொம்பக் குளிருது. டென்ட்டுக்குள்ள அடுப்பு, இல்ல கார்ல ஹீட்டர் போட்டுக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டென்ட்டுக்குள்ளும் காருக்குள்ளும் எதையும் எரிக்கக் கூடாது. கேஸ் அடுப்பு, கரியடுப்பு, அணைந்ததுபோல் தெரியும் கரித்தணல், எதுவுமே கூடாது. எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பிக்கும். தூங்குபவருக்கு அதுகூடத் தெரியாது, எழுந்திருக்காமலேயே போய்விடுவார். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்ற சமாதானம் வேண்டாம். சமைத்து முடித்த கரியடுப்பை வெதுவெதுப்புக்காக உள்ளே இழுத்துவைத்து இறந்துபோன குடும்பங்கள் உண்டு.

நிற்கும் காரில் ஹீட்டருக்காக இன்ஜினை ஓடவிட்டால் புகைக்குழாயிலிருந்து வருவதும் இதே வாயுதான். மண்ணோ புல்லோ பனியோ குழாயை அடைத்திருந்தால் உள்ளேயே திரும்பி வரும்.

குளிருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. படுக்கும் முன் ஏதாவது சாப்பிடுங்கள். பகலில் போட்ட வியர்வைத் துணியைக் கழற்றி, காய்ந்த துணியும் காலுறையும் குல்லாவும் போடுங்கள். மூடி இறுக்கமான பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, கால்மாட்டில் வையுங்கள். சிறுநீர் முட்டினால் அடக்கிக்கொண்டு படுக்காமல் போய்விட்டு வாருங்கள், தூக்கமாவது வரும்.

எந்த அடுப்பு நல்லது? நம்ம சின்ன கேஸ் அடுப்பு மலையில எரியவே இல்ல.

காரில் போவதால் அகலமான, தட்டையான, ஒற்றை அல்லது இரட்டை பர்னர் அடுப்பு நல்லது, பாத்திரம் ஆடாது. எரியாததற்குக் காரணம் கேஸ் கேனுக்குள் இருக்கும் பியூட்டேன் என்ற எரிவாயு. அது திரவத்திலிருந்து வாயுவாக மாறுவது சுமார் மைனஸ் 0.5 டிகிரியில். வெளியே இரண்டு மூன்று டிகிரி இருக்கும்போதே, வாயு வெளியேற வெளியேறக் கேன் தானாகவும் குளிர்ந்து, சுடர் படுத்துவிடும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் வாயுவாகும். அதனால் குளிர் இடங்களுக்குப் புரோப்பேன் கலந்த கேன் வாங்குங்கள், அது உங்கள் அடுப்புக்குப் பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கேனைக் கம்பளிக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கலாம். நெருப்பில் காட்டக் கூடாது.

காற்றுக்கு மறைப்பு வைக்கிறேன் என்று அடுப்பையும் கேனையும் சேர்த்துச் சுற்றி அடைத்துவிடாதீர்கள், கேன் சூடேறி வெடிக்கலாம். பகலில் பூட்டிய காருக்குள் வெயிலில் கேனை விடுவதும் அதே ஆபத்துதான். 50 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும், வெயிலில் நிற்கும் கார் அதைத் தாண்டிவிடும்.

ஐஸ் பெட்டியில போட்ட ஐஸ் ஒரே நாள்ல கரைஞ்சிடுது. பெட்டி மோசமா?

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் நிரப்பும் விதத்தைப் பாருங்கள். வெயிலில் கிடந்த பெட்டிக்குள் ஐஸைக் கொட்டினால், முதல் பாதி ஐஸ் பெட்டியைக் குளிர்விக்கவே செலவாகிவிடும். முந்தின இரவே குளிர்ந்த தண்ணீரோ கொஞ்சம் ஐஸோ போட்டு மூடிவையுங்கள். உணவையும் ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்ந்தபிறகே அடுக்குங்கள். பொடி ஐஸைவிடப் பெரிய கட்டி வெகுநேரம் நிற்கும். பாட்டில்களில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி உறையவைத்துக்கொண்டு போவது எனக்குப் பிடித்த வழி. உருகினாலும் பெட்டி நனையாது, உருகியதும் குடிக்கலாம். உணவின் அளவைப்போல் இரண்டு மடங்கு ஐஸ் இருக்கட்டும்.

குடிக்கும் பானங்களுக்குத் தனிப் பெட்டி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கப்படுவது அதுதான். பகலில் பெட்டியைக் காருக்குள் விடாமல் நிழலில் வைத்து, மேலே ஈரத்துணியோ கம்பளியோ போடுங்கள். உருகிய தண்ணீர் சில்லென்று இருக்கும்வரை வடிக்க வேண்டாம், அதுவும் குளிரைக் காக்கும். உணவு மட்டும் தண்ணீர் புகாத டப்பாவில் இருக்க வேண்டும், பச்சை இறைச்சி எல்லாவற்றுக்கும் அடியில்.

கெடும் உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதைவிடச் சூடான இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

தண்ணி எவ்வளவு எடுத்துப் போகணும்? ஓடைத் தண்ணியைக் குடிக்கலாமா?

குடிக்க, சமைக்க, கைகழுவ என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். வெயில் காலத்தில் இன்னும் கூட்டுங்கள். ஒரே பெரிய கேனாக இல்லாமல் இரண்டாகப் பிரித்து எடுத்தால், ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும்.

ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்கவையுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும். பூச்சிமருந்தும் ஆலைக்கழிவும் அப்படியே இருக்கும், அந்தமாதிரி இடத்துத் தண்ணீர் வேண்டாம்.

டாய்லெட் இல்லாத இடத்துல எப்படிச் சமாளிக்கிறது?

கேட்கக் கூச்சப்பட்டு, கடைசியில் மெல்ல இழுத்துக் கேட்கிறார்கள். கூச்சமே வேண்டாம். தண்ணீர், பாதை, டென்ட் மூன்றிலிருந்தும் குறைந்தது 60 மீட்டர், அதாவது எழுபது எண்பது எட்டு தள்ளிப் போங்கள். தோட்டக் கரண்டியால் 15 முதல் 20 செ.மீ. ஆழம் தோண்டி, முடிந்ததும் அதே மண்ணால் மூடுங்கள். ஈரத் துடைப்புத்தாள், நாப்கின், டயபர் எதையும் புதைக்காமல் இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். புதைத்தால் விலங்குகள் தோண்டி எடுத்துவிடும்.

கை சோப்பால் கழுவப்பட வேண்டும். சானிடைசர் மட்டும் போதாது, வயிற்றுப்போக்கு தரும் சில வைரஸ்களை அது சரியாகக் கொல்வதில்லை. பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் இதே 60 மீட்டர் கணக்கில்தான், மண்ணில் மக்கும் சோப்பாக இருந்தாலும்.

சாப்பாட்டு வாசனைக்கு மிருகம் வருமா?

வரும். பெரும்பாலும் எலி, நாய், குரங்கு, நரி மாதிரியானவை. அவை டென்ட்டைக் கிழிப்பது உள்ளே இருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காகத்தான். அதனால் உணவு, குப்பை, பற்பசை, வாசனை சோப்பு எதுவும் டென்ட்டுக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பெட்டியில் மூடிக் காருக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. கரடி நடமாடும் பகுதிகளில் கார்க் கதவையே பிய்த்துவிடும், அங்கே முகாமில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். இருக்கும் இடத்து விதியை வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

செருப்பையும் ஷூவையும் வெளியே விட்டிருந்தால் காலையில் தட்டி உதறிவிட்டுப் போடுங்கள்.

கொசுவுக்கு என்ன?

20 முதல் 30 சதவீதம் டீட், அல்லது 20 சதவீதம் பிக்காரிடின் உள்ள, தோலில் பூசும் கொசுவிரட்டி மருந்து. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்ததும் மேலே இது. டீட் பட்டால் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம் போன்ற பிளாஸ்டிக் பொருட்கள் இளகிக் கெட்டுப்போகும், கையைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு எதையும் பூசாமல் வலையால் மூடுங்கள். அந்தி சாயும்போதே டென்ட் ஜிப்பைப் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

கேம்ப்ஃபயரை மண் போட்டு மூடிட்டா போதும்தானே?

போதாது. மண்ணுக்கு அடியில் தணல் மறுநாள்வரைகூட உயிரோடு இருக்கும். மேலே ஓடும் குழந்தையின் பாதம் வெந்துவிடும், காற்றடித்தால் காடும் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றிக் கிளறுங்கள், மறுபடி ஊற்றுங்கள், சீறல் சத்தம் நிற்கும்வரை. பிறகு புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்து, சூடே இல்லையென்றால்தான் அணைந்ததாக அர்த்தம். படுக்கப்போவதற்கு அரை மணி நேரம் முன்பே விறகு சேர்ப்பதை நிறுத்திவிட்டால் இது சுலபம்.

மூட்டுவதற்கு முன், அங்கே நெருப்புக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள், காய்ந்த காலத்தில் பல இடங்களில் தடை இருக்கும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். அதற்குள் இருக்கும் பூச்சியும் கூடவே வந்து அங்குள்ள மரங்களைப் பிடித்துக்கொள்ளும்.

போன் சார்ஜ் போட்டா கார் பேட்டரி இறங்கிடுமா?

போனால் இறங்காது. ஒரு போனின் பேட்டரி சுமார் 15 முதல் 20 வாட்-மணி, சாதாரணக் கார் பேட்டரி 500-க்கு மேல். பேட்டரியை இறக்குபவை வேறு: சாமான் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று மணிக்கணக்கில் திறந்துகிடக்கும் டிக்கி, அதனால் எரிந்துகொண்டே இருக்கும் உள்விளக்கு, பாட்டு, இரவு முழுக்க ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ். உள்விளக்கை நிரந்தரமாக அணைத்து வைக்கும் விசை இருக்கும், போய்ச் சேர்ந்ததும் அதைப் போடுங்கள். பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்பும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று இருந்தால் பக்கத்தில் ஆளே இல்லாத இடத்திலும் வண்டி கிளம்பிவிடும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பலகை போட்டுக்கொள்ளுங்கள், மண்தரையில் பலகை இல்லாமல் ஜாக்கி உள்ளேதான் போகும், வண்டி மேலே வராது.

சாமான் எல்லாம் கார்ல கொள்ளவே மாட்டேங்குது. எப்படி அடுக்கறது?

கனமானது கீழே, பின் சீட்டின் முதுகை ஒட்டி. போனதும் முதலில் தேவைப்படுவது கடைசியில் ஏற வேண்டும். தார்ப்பாய், டென்ட், சுத்தியல், மழைக்கோட்டு எல்லாம் டிக்கியைத் திறந்ததும் கைக்கு வரட்டும், மழையில் போய் இறங்கினால் அருமை புரியும். சமையல் சாமான் ஒரு பெட்டி, படுக்கை ஒரு பெட்டி என்று மூடியுள்ள பெட்டிகளாகப் பிரித்துவிடுங்கள். பின்கண்ணாடி மறையும் அளவுக்கு அடுக்க வேண்டாம், பிரேக் அடித்தால் சாமான் தலைக்குத்தான் வரும். கூரைமேல் ஏற்றுவதாக இருந்தால் வண்டியின் கையேட்டில் கூரை எடை வரம்பு போட்டிருக்கும், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி.

சின்னக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. முதல் தடவை வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் இடமாகவும், ஒரே இரவாகவும் இருக்கட்டும். ஆளுக்கொரு விளக்கும் ஒரு விசிலும் கொடுங்கள், வழி தெரியாமல் போனால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே எல்லையை நடந்து காட்டுங்கள். வெயிலில் நிற்கும் பூட்டிய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூட விடாதீர்கள்.

சிக்னல் இல்லாத இடம். ஏதாவது ஆச்சுன்னா?

கிளம்பும் முன் ஒருவரிடம் இடம், வண்டி எண், திரும்பும் நேரம் மூன்றையும் எழுதிக் கொடுங்கள், எந்த நேரத்துக்குள் சேதி வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதோடு. வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கிவையுங்கள், சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். உங்கள் நெட்வொர்க் எட்டாத இடத்திலும் வேறு நெட்வொர்க் இருந்தால் அவசர அழைப்பு பெரும்பாலும் போய்விடும், பல நாடுகளில் எண் 112. வழியில் கடைசியாக எங்கே சிக்னல் இருந்தது, மருத்துவமனை எங்கே என்பதைப் போகும்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

முகாமில் அடிக்கடி நடப்பது தீக்காயம். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய் வேண்டாம். தண்ணீர்க் கேனுக்குக் குழாய் கேட்டேனே, அது இதற்கும் உதவும். பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட இடத்தை அசைக்காமல், நடக்கவிடாமல், நேரே மருத்துவமனை.

ராத்திரி நடுவுல எதுவுமே சரிவரல. கிளம்பி வந்துடலாமா?

வரலாம். கார் பக்கத்தில் இருப்பதே அதற்குத்தான். புயல் மாதிரி காற்று, விடாத மழை, காய்ச்சல் வந்த குழந்தை, பக்கத்தில் குடித்துவிட்டுச் சண்டை போடும் கூட்டம், இதில் எதுவாக இருந்தாலும் யோசிக்காமல் கிளம்புங்கள். அதற்காகவே வண்டியை நிறுத்தும்போது முகப்பு வெளியே போகும் வழியைப் பார்த்தபடி நிறுத்துங்கள். சாவிக்கு ஒரே இடம் என்று முடிவுசெய்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். எரிபொருள் பாதிக்கு மேல் இருக்கட்டும். டென்ட்டை மடிக்க நேரமில்லை என்றால் முளைகளைப் பிடுங்கி, அப்படியே சுருட்டி டிக்கிக்குள் திணித்துவிடலாம்.

அவசரம் இல்லை, தூக்கம் மட்டும்தான் வரவில்லை என்றால் ஓட்ட வேண்டாம். அரைத் தூக்கத்தில் இருட்டுப் பாதையில் ஓட்டுவது தங்குவதைவிட ஆபத்து. காருக்குள் போய், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, விடியும்வரை சாய்ந்திருங்கள். எப்போது வீடு திரும்பினாலும், ஈரமாகச் சுருட்டிய டென்ட்டை அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளைக்குள், விரித்துக் காயவையுங்கள். பூஞ்சை பிடித்த வாடை ஒருமுறை ஏறிவிட்டால் துவைத்தாலும் போகாது. ஸ்லீப்பிங் பேக்கைப் பயண உறைக்குள் அமுக்கிவைக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாகப் போட்டுவையுங்கள், பஞ்சு உப்பிய நிலையிலேயே இருக்கும்.